கடலோரப் பாறையில் குழாய்ச் சுரங்கம்: நீர் ஊடுருவுதிறனை முன்கூட்டியே கணிப்பது எப்படி?

ராமநாதபுரம் கடற்கரையில் மலையைக் குடையும் வேலை கிடையாது. இங்கே சுரங்கம் என்றால் ரயில் பாதைக்கோ நெடுஞ்சாலைக்கோ அடியில் தள்ளப்படும் குழாய், கடல்நீரை உள்ளிழுக்கும் குழாய்வழி, அவற்றுக்காக வெட்டப்படும் இறங்குகுழி ஆகியவைதான். ஆழம் பெரும்பாலும் 6 முதல் 15 மீட்டர். ஆழம் குறைவு என்பதாலேயே, பாறையும் மண்ணும் நீரை எவ்வளவு எளிதாக உள்ளே விடும் (ஊடுருவுதிறன்) என்ற ஆய்வில் அலட்சியம் வந்துவிடுகிறது. நீர் உள்ளே பாய்ந்த பிறகு பெரிய பம்பு தேடி அலைவதுதான் வழக்கமாக இருக்கிறது.

புதிதாக வரும் பொறியாளர்களுக்குச் சூத்திரங்கள் தெரிந்திருக்கின்றன. தடுமாறுவது இரண்டு இடங்களில்: எதை முதலில் செய்வது என்பதில் ஒன்று, சோதனை நடக்காமல் போன இடத்தை என்ன செய்வது என்பதில் இன்னொன்று. இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் பற்றியது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீரழுத்தத்தைத் தானே பதிவு செய்யும் டேட்டா லாகர் குறைந்தது நான்கு வேண்டும். மூன்று கிணறுகளுக்கு, ஒன்று கடலுக்கு. காற்றழுத்தத்தைச் சேர்த்து அளக்கும் வகை என்றால், திருத்தம் செய்ய வெளியே ஐந்தாவது ஒன்று. இவற்றோடு மின்கடத்துதிறன் மீட்டரும் நீர்மட்டம் அளக்கும் நாடாவும்.

எல்லாக் கிணற்று விளிம்புகளையும் ஒரே அடையாளக் கல்லிலிருந்து லெவல் எடுத்துவிடுங்கள். இங்கே நீர்மட்டம் இரண்டு கிணறுகளுக்கு இடையே சில சென்டிமீட்டர்தான் மாறும். விளிம்பு உயரத்தில் 10 சென்டிமீட்டர் பிழை இருந்தால் நீர் ஓடும் திசையே தலைகீழாகிவிடும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி, ஊராட்சியின் ஒப்புதல், பாதைக்கு அடியில் போவதென்றால் ரயில்வே அல்லது நெடுஞ்சாலைத் துறை அனுமதி. ஆய்வுத் துளை போடுவதற்கும் இவை தேவைப்படலாம் என்பதை மறக்காமல் முதல் வாரமே விண்ணப்பியுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அளக்க நேரம் வேண்டும். ஒப்பந்தம் போடும்போது துளையிடுபவருக்கு மீட்டர் கணக்கில் மட்டும் கூலி பேசாதீர்கள். மீட்டர் கணக்கு வேகத்துக்குத்தான் கூலி. மேலே வரும் பாறை உருளை எவ்வளவு முழுமையாக வருகிறது என்பதற்கும் ஒரு பங்கு வையுங்கள்.

2. எது பாறை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பகுதிகளில் மணலுக்குக் கீழே பவளச் சுண்ணாம்புப் பாறை வரும். சிப்பித் துண்டுகளும் மணலும் சுண்ணாம்பால் ஒட்டிக் கெட்டியான கடற்கரைப் பாறையும் வரும். வைகை கடலைச் சேரும் ஆற்றங்கரைப் பக்கம் போனால் மணலும் களிமண்ணும் மாறி மாறி அடுக்காக இருக்கும். கருங்கல் அடித்தளம் இந்தக் கரையில் மிக ஆழத்தில் இருக்கிறது. எரிவாயுக் கிணறுகள் தோண்டப்படும் படிவுப் படுகை இது. சுரங்க ஆழத்தில் அதைச் சந்திக்க மாட்டோம்.

இதனால் என்ன? கருங்கல்லில் நீர் விரிசல் வழியாக ஓடுகிறது. ஒரு மீட்டருக்கு ஒரு விரிசல், அதன் திறப்பு 0.1 மில்லிமீட்டர் என்றால் ஊடுருவுதிறன் வினாடிக்குச் சுமார் 8×10⁻⁷ மீட்டர். திறப்பு 1 மில்லிமீட்டரானால் 8×10⁻⁴. பத்து மடங்கு திறப்புக்கு ஆயிரம் மடங்கு நீர். பாடநூல்களின் பல அட்டவணைகள் இந்த விரிசல் கணக்கில் எழுந்தவை. பவளப் பாறையில் நீர் போவது பவளத்தின் சொந்தப் பொந்துகளிலும், சுண்ணாம்பு கரைந்து உண்டான ஓட்டைகளிலும். விரிசலை எண்ணிப் பயனில்லை.

ஓட்டைகள் எந்த மட்டத்தில் இருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். நன்னீரும் உப்புநீரும் தனித்தனியே சுண்ணாம்பைக் கரைக்க முடியாத நிலையில் இருந்தாலும், இரண்டும் கலக்கும் இடத்தில் கரைக்கும் வலிமை பிறக்கிறது. ஆகவே இன்றைய நீர்மட்டத்தையும், நன்னீர்-உப்புநீர் எல்லையையும் ஒட்டி ஓட்டைகள் கூடும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அதனால் இன்றைய கடல்மட்டத்துக்குக் கீழேயும் ஓட்டைகள் இருப்பது இயல்பே. நீள்வெட்டுப் படத்தில் இந்த மட்டங்களை முதலிலேயே கோடிட்டு வையுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை: இரண்டு மீட்டரில் கெட்டியான மேலோடு தட்டுப்பட்டதும் 'பாறை வந்துவிட்டது' என்று எழுதித் துளையை நிறுத்துவது. கடற்கரைப் பாறை பல இடங்களில் ஒரு மெல்லிய ஓடுதான். அதன் கீழே தளர்ந்த மணல் நீரோடு நிற்கும். சுரங்கத்தின் அடிமட்டத்துக்குக் கீழே குறைந்தது சுரங்க விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது துளை இறங்க வேண்டும்.

3. துளை போடும் முன் கிணறுகளைச் சுற்றி வாருங்கள்

வழித்தடத்தின் இருபுறமும் அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் கிணறு, ஊற்று, கைப்பம்பு எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். நீர்மட்டம், மின்கடத்துதிறன் (நீரில் உப்பு கூடினால் இதுவும் கூடும்), ஆழம் மூன்றையும் எழுதுங்கள். கடல்நீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 50,000 மைக்ரோசீமன்ஸ். எந்தக் கிணறு அதை நோக்கி நகர்கிறது என்று உடனே தெரியும்.

பிறகு தண்ணீர் எடுக்கும் பெண்களிடம் கேளுங்கள். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கிறது, எதில் நீர் பகலுக்குள்ளேயே ஏறி இறங்குகிறது, எது எவ்வளவு இறைத்தாலும் வற்றாது என்பதெல்லாம் அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கும். கடலிலிருந்து தள்ளி இருந்தும் ஓதத்தோடு (கடலின் அன்றாட ஏற்ற இறக்கத்தோடு) ஏறி இறங்கும் கிணறு இருந்தால், இடையில் நீர் தாராளமாக ஓடும் வழி இருக்கிறது. முதல் துளையை அங்கே திட்டமிடுங்கள். துளைக்குப் பிறகு கிணறு பார்ப்பவர்கள் சம தூரத்தில் துளை போட்டுவிட்டு, ஆபத்தான இடத்தை இரண்டு துளைகளுக்கு நடுவே தவறவிடுகிறார்கள்.

4. ஓதத்தைக் கொண்டு பாறையை அளப்பது

இந்தக் கரையின் மிகப் பெரிய வசதி இதுதான். கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை பாறையைத் தள்ளிப் பார்க்கிறது. அந்தத் தள்ளல் உள்ளே எவ்வளவு தூரம், எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்கிறது என்பதை அளந்தால், கிணற்றுக்கும் கடலுக்கும் இடையே உள்ள பாறை முழுவதன் குணம் கிடைக்கிறது. எந்தத் துளைச் சோதனையும் இவ்வளவு பெரிய பாறைத் திரளைத் தொடுவதில்லை. செலவும் லாகர் வாடகைதான்.

லாகரை 15 நிமிட இடைவெளியில், அமாவாசை, பௌர்ணமி இரண்டும் அடங்குமாறு குறைந்தது 15 நாள் ஓட விடுங்கள். அஷ்டமி, நவமியை ஒட்டி நீரேற்றம் மந்தமாக இருக்கும். அந்த நாட்களில் மட்டும் அளந்துவிட்டு 'இங்கே ஓதமே தெரியவில்லை' என்று முடிவு கட்டுவது வாடிக்கையான பிழை.

கடல் லாகரை எந்தக் கடலில் வைப்பது? ராமேஸ்வரத்தில் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஓதமும் காற்றும் இரண்டிலும் ஒன்றல்ல. மண்டபம் போன்ற ஒடுங்கிய நிலத்தில் இரண்டு பக்க அசைவும் உள்ளே வந்து கலக்கும். கீழே சொல்லும் கணக்கு ஒரு பக்கக் கடலுக்கு மட்டும் உரியது. அதனால் இரு பக்கமும் லாகர் வையுங்கள். கணக்குக்கு ஒரு கரையை நன்றாக ஒட்டிய கிணற்றைத் தேர்ந்தெடுங்கள்.

கணக்கு இப்படி: கிணற்றின் தூரத்தை வர்க்கமாக்கி, ஓதத்தின் சுழற்சி நேரமான 12.42 மணியால் பெருக்குங்கள். அதைத் தாமத நேரத்தின் வர்க்கத்தாலும் 12.57 ஆலும் வகுங்கள். 100 மீட்டர் தூரம், 3 மணி தாமதம் என்றால் மணிக்குச் சுமார் 1,100 சதுர மீட்டர், அதாவது வினாடிக்கு 0.3 சதுர மீட்டர் வரும். இது நீர் பரவும் வேகத்தின் அளவு. நீரைக் கடத்தும் திறனை நீரைத் தேக்கும் திறனால் வகுத்தால் கிடைக்கும் எண்.

இங்கே நிதானம் வேண்டும். நீர்மட்டம் திறந்த நிலையில் இருக்கிறது, தேக்கத்திறன் 0.15, நீருள்ள பாறையின் தடிமன் 10 மீட்டர் என்று வைத்தால் ஊடுருவுதிறன் வினாடிக்கு 4.6×10⁻³ மீட்டர் வருகிறது. அதே நீர் ஒரு கெட்டியான ஓட்டுக்குக் கீழே அடைபட்டு, தேக்கத்திறன் 0.001 ஆக இருந்தால் வருவது 3×10⁻⁵ தான். ஒரே அளவீடு, 150 மடங்கு வேறுபாடு. ஓட்டின் அடிப்பக்கத்தைவிடத் துளையில் நீர் உயர்ந்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே எதை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

மேலே சொன்ன உதாரணத்தில் கிணற்று ஏற்ற இறக்கம் கடலில் உள்ளதில் ஏறத்தாழ 22 சதவீதம் இருக்க வேண்டும். நடைமுறையில் தாமதம் ஒரு விடையும் வீச்சு வேறொரு விடையும் தரும். கடலடிச் சேறு வாயை அடைத்திருந்தாலோ, நீரடுக்கு கடலுக்கு அடியிலும் நீண்டிருந்தாலோ இப்படி ஆகும். இரண்டையும் எழுதுங்கள். பிடித்ததை மட்டும் எழுதாதீர்கள்.

5. துளையிடும்போது எதை எழுதுவது

வழித்தடத்தின் மேலேயே துளை போடாமல் சில மீட்டர் தள்ளிப் போடுங்கள். சுரங்க எந்திரம் பழைய துளையைத் தொட்டால், எந்திர முகப்பில் அழுத்தத்தில் இருக்கும் சேற்றுக் கலவை அதன் வழியே தரைக்குப் பீறிடும். அல்லது மேல்நீர் உள்ளே இறங்கும். வேலை முடிந்த துளையைச் சிமெண்ட்-பென்டோனைட் (நீரில் ஊதிப் பெருகும் களிமண்) கலவையால் கீழிருந்து மேலாக அடைத்துவிடுங்கள்.

பென்டோனைட் சேறு ஊற்றித் துளையிட்டால் துளைச் சுவர் மெழுகப்பட்டுவிடும். பிறகு எந்தச் சோதனை செய்தாலும் பாறை நல்ல பிள்ளையாகத் தெரியும். ஊடுருவுதிறன் சோதிக்கப் போகும் துளைகளைச் சுத்தமான நீரில் போடுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் (ஒரு முறை துளையிட்டு உருளையை வெளியே எடுப்பது) மூன்று விஷயங்களைத் துளைக்கு அருகிலேயே நின்று எழுதுங்கள்: உருளை எவ்வளவு கிடைக்கவில்லை, திரும்பி வரும் நீர் எந்த ஆழத்தில் நின்றது, கம்பி தானாக எங்கே இறங்கியது. கிடைத்த உருளையைப் படமெடுத்துப் பெட்டியில் அடுக்குவதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். ஆனால் நீர் ஓடும் வழி, கிடைக்காத அந்த உருளை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அங்கே நீளத்துக்கு ஏற்ற மரத்துண்டை வைத்து 'இல்லை' என்று எழுதுங்கள். இடைவெளியை நெருக்கி மூடிவிட்டால் அலுவலகத்தில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

6. துளைக்குள் சோதனை

மணலிலும் தளர்ந்த படிவிலும் லெஃப்ராங் சோதனை: துளை சரியாமல் இறக்கும் கேசிங் குழாய்க்குள் நீர்மட்டத்தை ஒரே அளவில் நிறுத்தியோ, விழவிட்டோ அளப்பது. துணைக்கு ஹேசன் கணக்கு உண்டு. பத்து சதவீதம் மட்டுமே அதைவிட நுண்ணியதாக இருக்கும் துகள் அளவு 0.2 மில்லிமீட்டர் என்றால் வினாடிக்குச் சுமார் 4×10⁻⁴ மீட்டர். கழுவி வந்த மணலைச் சலித்து இதைப் போடாதீர்கள்; நுண்துகள் கழுவிலேயே போயிருக்கும்.

பாறையில் லூஜியான் சோதனை. துளையின் ஒரு பகுதியை பேக்கரால் (ஊதிப் பெருகும் ரப்பர் அடைப்பான்) தனியாக அடைத்து, ஐந்து கட்டமாகக் குறைவு, நடு, உச்சம், நடு, குறைவு என்ற அழுத்தத்தில் நீரைச் செலுத்துவது. 10 பார் அழுத்தத்தில் மீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போனால் அது ஒரு லூஜியான், ஏறத்தாழ 1.3×10⁻⁷ மீட்டர்/வினாடி.

10 பார் என்று வரையறையில் இருப்பதால் 10 பாரிலேயே சோதிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அவ்வளவு அழுத்தம் கொடுத்தால் பாறை மேலே தூக்கிக்கொண்டு பிளக்கும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 0.23 பார் என்பது பழைய, பாதுகாப்பான வரம்பு. 10 மீட்டருக்கு 2.3 பார் உச்சம்; விடையை விகிதக் கணக்கில் 10 பாருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தக் கரையின் உண்மையான சிக்கல் வேறு. பவளப் பாறையில் பம்பு முழுவேகத்தில் ஓடியும் அழுத்தம் ஏறவே ஏறாது. களப் புத்தகத்தில் 'சோதனை தோல்வி' என்று எழுதுவார்கள். அறிக்கையில் அந்தக் கட்டம் காலியாகும். பிறகு காலிக் கட்டத்தை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி எடுப்பார்கள். அதிக நீர் குடிக்கும் பாறை அத்தனையும் இப்படிக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது.

அழுத்தம் ஏறாததே ஒரு விடை. 3 மீட்டர் பகுதியில் நிமிடத்துக்கு 100 லிட்டர் செலுத்தியும் அழுத்தம் 0.5 பாரைத் தாண்டவில்லை என்றால், கணக்குப்படி 667 லூஜியான். 'குறைந்தது 667' என்று எழுதுங்கள். அது வினாடிக்கு 8.7×10⁻⁵ மீட்டருக்குக் குறையாது. எவ்வளவு மேலே என்பதற்கு நான்காம் படியின் ஓதக் கணக்கைப் பாருங்கள்.

7. உப்புநீருக்கான திருத்தம்

கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட 2.5 சதவீதம் அதிகம். 10 மீட்டர் உப்புநீர்த் தூண் 10.25 மீட்டர் நன்னீர்த் தூணுக்குச் சமம். ஒரு துளையில் நன்னீரும் பக்கத்துத் துளையில் உப்புநீரும் நின்றால், கண்ணுக்குத் தெரியும் நீர்மட்டங்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது. அந்த 25 சென்டிமீட்டர், இரண்டு துளைக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கலாம். எல்லாவற்றையும் நன்னீர் உயரத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். இதற்காகத்தான் ஒவ்வொரு துளையிலும் ஆழவாரியாக மின்கடத்துதிறன் எடுக்கச் சொல்வது.

8. புவி இயற்பியல் ஆய்வு: எது இங்கே எடுபடும்

மின்தடை ஆய்வு நன்னீர்ப் படலத்தின் வடிவத்தைக் காட்டும். உப்புநீருக்குள் போய்விட்டால் களிமண்ணும் மணலும் ஓட்டையும் ஒரே நிறமாகத் தெரியும். தரை ஊடுருவும் ரேடார் உப்பு ஈரத்தில் இறங்காது. நில அதிர்வு ஒளிவிலகல் முறை, கெட்டி ஓட்டுக்குக் கீழே இருக்கும் தளர்ந்த மணலைக் காணாது. மேற்பரப்பு அலை முறையே இங்கே பரவாயில்லை. பணம் குறைவென்றால் இந்தப் படியைச் சுருக்கி, துளையை அதிகமாக்குங்கள்.

கணினிக் கற்றல் மாதிரிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். கருங்கல் சுரங்கத் தரவில் பழகிய மாதிரிக்கு விரிசல் தெரியும், பவளம் தெரியாது. இருபது துளைத் தரவைக் கொடுத்து இங்கேயே பழக்கினாலும், காலிக் கட்டங்களை நிரப்பாமல் கொடுத்தால் அதே பிழையை வேகமாகச் செய்யும்.

9. எண்களைச் சேர்க்கும் இடம்

மீட்டர் ஒன்றுக்கான நீர்வரவை மதிப்பிடக் குட்மன் சூத்திரம் போதும். 6.28 × ஊடுருவுதிறன் × நீர்மட்டத்திலிருந்து சுரங்க மையத்தின் ஆழம். இதை, அந்த ஆழத்தின் இரண்டு மடங்கை ஆரத்தால் வகுத்து வரும் எண்ணின் இயல் மடக்கையால் (ln) வகுக்க வேண்டும்.

200 மீட்டர் நீளம், 1 மீட்டர் ஆரம், 8 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 190 மீட்டர் பாறை நல்லது, 10⁻⁶ மீட்டர்/வினாடி. மீதி 10 மீட்டர் ஓட்டைப் பாறை, 10⁻³. நல்ல பகுதி முழுவதும் சேர்ந்து நிமிடத்துக்கு 207 லிட்டர் தருகிறது. அந்தப் பத்து மீட்டர் மட்டும் 10,880 லிட்டர் தருகிறது.

நீளத்துக்கு ஏற்ற பெருக்குச் சராசரி (geometric mean) எடுத்து முழு நீளத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டால் விடை 307 லிட்டர். உண்மையில் வருவது அதைப் போல் 36 மடங்கு. பத்து மீட்டர் பகுதியின் சோதனை 'தோல்வி' என்று விடப்பட்டிருந்தால் 218 லிட்டர்தான் வரும். அதற்கு ஏற்ற பம்புதான் தளத்துக்கும் வரும்.

ஆகவே வழித்தடத்தைப் பகுதிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் எதிர்பார்க்கும் எண், மோசமான எண் என இரண்டு எழுதுங்கள். பம்பு, கலவை, அவசரத் திட்டம் மூன்றும் மோசமான எண்ணுக்கே தயாராக வேண்டும். முகப்பு மூடிய எந்திரம் என்றால் நீர் உள்ளே வருவதற்குப் பதிலாக எந்திரத்தின் கலவை பாறைக்குள் ஓடிப்போகும். இடம் அதேதான், ஆபத்தின் திசை மட்டும் வேறு.

10. இறங்குகுழியைத் தனியாகக் கணக்கிடுங்கள்

பக்கச் சுவரைப் பலப்படுத்திவிட்டு அடிப்புறத்தை மறந்துவிடுகிறார்கள். குழியின் அடியில் 3 மீட்டர் களிமண் மிச்சம் இருக்கிறது. அதன் கீழே நீருள்ள மணல். களிமண்ணின் எடை சதுர மீட்டருக்கு 54 கிலோநியூட்டன். கீழே நீர் 6 மீட்டர் உயரத்துக்கு அழுத்தினால் மேல்நோக்கிய விசை ஏறத்தாழ 59. பக்க உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அடித்தளம் தூக்கிவிடும். களிமண்ணுக்குக் கீழே தனி பீசோமீட்டர் (நீரழுத்தம் அளக்கும் குழாய்) இல்லாமல் இந்த 6 மீட்டரைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

11. நீரை இறைப்பதா, அடைப்பதா

இறைப்பது மலிவாகத் தெரியும். இந்தக் கரையில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 30 சென்டிமீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 12 மீட்டருக்கு நன்னீர் இருக்கும். விகிதம் ஒன்றுக்கு நாற்பது. மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கி அப்படியே வைத்திருந்தால், காலப்போக்கில் கீழிருந்து 4 மீட்டர் உப்பு ஏறும். உங்கள் குழி காய்ந்திருக்கும். பக்கத்துத் தெருக் கிணறு உவர்க்கும்.

அதனால் 10⁻⁵ மீட்டர்/வினாடியைத் தாண்டும் பகுதிகளில் அடைப்பதையே முதல் தெரிவாக வையுங்கள். சாதாரணச் சிமெண்ட் மணலின் நுண்துளைக்குள் நுழையாது. அங்கே நுண்சிமெண்ட், ரசாயனக் கலவை அல்லது ஜெட் கிரவுட்டிங் (கலவையை வேகமாகப் பீய்ச்சி மண்ணோடு கலப்பது) வேண்டும். பெரிய ஓட்டையில் எதிர்ப் பிரச்சினை: நீரோட்டம் கலவையை அடித்துப் போய்விடும். சீக்கிரம் உறையும் கெட்டிக் கலவையை முதலில் விட்டு, ஓட்டம் நின்ற பிறகு மெல்லியதை விடுங்கள்.

இறைத்தே ஆக வேண்டும் என்றால், மூன்றாம் படியில் பட்டியலிட்ட கிணறுகளில் வாரம் இருமுறை மின்கடத்துதிறன் எடுங்கள். எந்த அளவுக்கு ஏறினால் பம்பை நிறுத்துவது என்பதை ஊராட்சியோடு பேசி முன்பே எழுதிக் கையெழுத்தாக்குங்கள். இறைத்த கலங்கல் நீரை நேராகக் கடலில் விடக் கூடாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் பவளத் திட்டுகள் கரையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. படிகுழியில் தெளியவைத்து, அனுமதிக்கப்பட்ட இடத்தில் விடுங்கள். பம்பை நிறுத்திய பிறகும் அடுத்த வடகிழக்குப் பருவமழை முடியும் வரை அந்தக் கிணறுகளின் அளவீட்டைத் தொடருங்கள்.